மடக்குக் கத்தி பிடிக்கு வீட்டுலயே சாயம் ஏத்துறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஸ்விஸ் கத்தி, மடக்குக் கத்தி வச்சிருக்கவுங்க அந்தப் பிளாஸ்டிக் பிடியோட கலர மாத்தணும்னு கேக்கும்போது சுத்திச் சுத்தி இதே கேள்விகதான் வருது, அதனால ஒரே எடத்துல எழுதிட்டேன். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ஆளுங்க கேட்டது நெறைய, அதனால நம்ம ஊரு சாயம், நம்ம ஊரு கடைன்னு பேச்சு அங்கதான் போகும். ஒன்னு மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன், சாயம் எந்தக் கம்பெனி, என்ன வெலங்குறதெல்லாம் அப்பறம், பிடி எந்த பிளாஸ்டிக்குன்னு தெரியாம பத்து பைசா செலவு பண்ணாதீங்க. என்ன சாயம், எவ்ளோ சூடு, எம்புட்டு நேரம் எல்லாத்தையும் அந்த பிளாஸ்டிக்தான் முடிவு பண்ணுது.

அண்ணே, எங்கிட்ட இருக்கது என்ன பிளாஸ்டிக்குன்னு எப்புடிக் கண்டுபிடிக்கிறது?

கம்பெனி கத்தின்னா பாதி வேலை மிச்சம். விக்டோரினாக்ஸ்ல பளபளன்னு செவப்பா இருக்குற 58 மில்லிமீட்டர் நீளக் கிளாசிக், 91 மில்லி கத்தி எல்லாம் பெரும்பாலும் செல்லிடார், அதாவது செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட். அதே கம்பெனியோட 111 மில்லி பெரிய கத்தி, பளபளப்பு இல்லாம மங்கலா இருக்குற பிடி, இதெல்லாம் நைலான். ஸ்பைடெர்கோ டெலிக்கா, எண்டூரா மாதிரி கத்தியில எஃப்ஆர்என்னு போட்டிருக்கும், அது கண்ணாடி இழை கலந்த நைலான். பெஞ்ச்மேட் பக்அவுட்ல வர்ற கிரிவரியும் நைலான் குடும்பம்தான்.

பேரு தெரியாத கத்தின்னா பிடியக் கழட்டி உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க, அச்சுலயே பொடி எழுத்துல பிஏ6, ஏபிஎஸ், பிபின்னு போட்டிருக்க வாய்ப்பு இருக்கு. பிஏன்னா நைலான், சந்தோஷப்படுங்க. பிபின்னா பாலிபுரொப்பிலீன், சாயத்த மறந்துருங்க. ஏபிஎஸ்ங்கிறது இன்னொரு வகை கெட்டி பிளாஸ்டிக், அதுக்கான மொறை இங்க எழுதல.

எழுத்தும் இல்லையா, ஒரு டம்ளர் தண்ணியில போடுங்க. மெதந்துச்சுன்னா பாலிபுரொப்பிலீனோ பாலிஎத்திலீனோதான், ரெண்டுலயும் எந்தச் சாயமும் ஏறாது. நைலான், செல்லிடார், ஏபிஎஸ் மூணும் முங்கிரும். போடுறப்ப காத்துக் குமிழி ஒட்டாம வெரலால தடவி விட்டுப் போடுங்க, இல்லன்னா முங்குற சாமானும் மெதக்குற மாதிரி ஏமாத்தும். முங்குனதுல எதுன்னு பிரிக்க மூக்கு இருக்கு: பழைய செல்லிடார் பிடிய டப்பாக்குள்ள ரொம்ப நாளு பூட்டி வச்சுட்டுத் தொறந்தா கெட்டுப்போன வெண்ணெ வாட ஒன்னு அடிக்கும், பியூட்டிரிக் ஆசிட் வாட அது. சில பழைய ஸ்குரூடிரைவர் பிடியில அடிக்கிற அதே வாடதான். நைலான்ல அப்புடி எதுவும் வராது.

ஊசியச் சுட்டுக் குத்திப் பாக்குற சோதனை ஒன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நைலான்னா முடி பொசுங்குன நாத்தம் வரும்னு. உண்மைதான். ஆனா பழைய கத்தியில அந்த வெளையாட்டே வேணாம், ஏன்னு கீழ பழைய சாமான் கடைக் கேள்வியில சொல்றேன்.

பெயிண்ட் அடிச்சா முடிஞ்சு போச்சு, எதுக்கு இவ்ளோ வேல?

பெயிண்ட் மேலயே நிக்கும், பையில சாவியோட கெடந்து உரசுனா உரிஞ்சு வந்துரும். சாயம் பிளாஸ்டிக்குக்கு உள்ள போயி உக்காருது. ரொம்ப ஆழமெல்லாம் இல்ல, மேல ஒரு மெல்லிசான படலம்தான், ஆனா ஒட்டுன படலம் இல்லங்கிறதால உரியாது. ஆழமா கீறல் விழுந்தா மட்டும் பழைய நெறம் எட்டிப் பாக்கும்.

நம்ம ஊருல கண்டாங்கி நெய்றவுங்ககிட்ட சாயம் கெடைக்குமே, அத வாங்கிப் போட்டா என்ன?

இந்தக் கேள்விய எத்தன பேரு கேட்டுட்டாங்க. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடே கெடச்சாச்சு, அவ்ளோ புகழ் வாங்குன சாயம் கத்திப் பிடியில புடிக்காதாங்குற நெனப்பு நியாயம்தான். ஆனா புடிக்காது.

பருத்தி நூலுக்குப் போடுற ரியாக்டிவ் மாதிரி சாயம் பருத்தியோட செல்லுலோஸப் புடிச்சு நிக்கிறது, சோடா எல்லாம் போட்டு அதுக்குன்னு ஒரு பக்குவம் வச்சிருப்பாங்க. அந்தப் பக்குவத்துல நைலான்ல அது சரியாப் புடிக்காது. சரி, செல்லிடார் செல்லுலோஸ்லேர்ந்துதானே வருது, அதுல ஏறணுமேன்னு படிச்ச பயலுக கேப்பாங்க, நல்ல கேள்வி. செல்லுலோஸ்ல தண்ணிய இழுக்குற, சாயத்தப் புடிக்கிற கொக்கி இருக்கே, அத முக்கால்வாசி அசிடேட்டும் பியூட்டிரேட்டும் போட்டு மூடிட்டுத்தான் செல்லிடாரே செய்றாங்க. அதனால பருத்திச் சாயம் அது மேல வழிஞ்சு ஓடிரும். நூறு வருசத்துக்கு முன்னாடி அசிடேட் பட்டுன்னு செயற்கத் துணி வந்தப்ப சாயக்காரங்களுக்கு இதே தலவலிதான், இருந்த சாயம் ஒன்னும் ஏறல, அதுக்காகவே 1920கள்ல டிஸ்பெர்ஸ் டைங்குற புது வகையக் கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு செல்லிடார் கத்திக்கு நம்ம தேடுறதும் அதே டிஸ்பெர்ஸ் வகையத்தான்.

ஆத்தங்குடிக் கல்லுக்குப் போடுற ஆக்சைடு பவுடரு?

அது சாயமே இல்ல, நெறப்பொடி. சிமெண்டோட கலந்து கெடக்கும், எதுலயும் கரையாது. வெந்நீர்ல போட்டா அடியில சகதியா நிக்கும், பிடி போன மாதிரியே வெளிய வரும்.

அப்ப எந்தச் சாயம்தான் வாங்குறது?

நைலானுக்கு ஆசிட் டை. பேரக் கேட்டு பயப்படாதீங்க, பட்டுக்கும் கம்பளிக்கும் போடுறது இதுதான், சாயக்கடையில பட்டுச் சாயம்னு கேட்டா எடுத்துத் தருவாங்க. நைலானோட மூலக்கூறு நுனியில அமீன்னு ஒன்னு இருக்கு, தண்ணி கொஞ்சம் புளிப்பா இருந்தா அது பிளஸ் சார்ஜ் ஆகிரும், சாயம் மைனஸ் சார்ஜ், ரெண்டும் ஒன்ன ஒன்னு இழுத்துக்கும். அதுக்குத்தான் வினிகர் ஊத்துறோம், வாசத்துக்கு இல்ல.

வெளிநாட்டு ஆளுங்க எல்லாரும் ரிட்னு ஒரு சாயத்தச் சொல்லுவாங்க. அதுல ரெண்டு வகை உண்டு. சாதா ரிட்டுல பருத்திக்கானதும் நைலானுக்கானதும் கலந்தே இருக்கும், நைலானுக்கு அது போதும். ரிட் டைமோர்னு இருக்கது பாலியெஸ்டர் மாதிரி செயற்கத் துணிக்கு, செல்லிடாருக்கு அது இல்லன்னா ஐடை பாலி. ரெண்டும் இறக்குமதிச் சரக்கு, வெல கூடத்தான். இன்னொரு வழி இருக்கு: கப்புலயும் டீசர்ட்டுலயும் போட்டோ அடிச்சுக் குடுக்குற கடையில சப்ளிமேஷன் இங்க் வச்சிருப்பாங்கல்ல, அதுவும் டிஸ்பெர்ஸ் வகைதான். தெரிஞ்ச கடைன்னா கொஞ்சமா வாங்கி ஒடஞ்ச பிடி ஒன்னுல முக்கிப் பாத்துட்டு அப்பறம் நல்ல பிடிக்கு வாங்க.

கேசரிப் பவுடர் போட்டா ஏறும்னு ஒருத்தர் சொன்னாரு, கிண்டல் பண்றாரா?

கிண்டல் இல்ல, நெசம். கேசரிப் பவுடர்ல இருக்க டார்ட்ரசின், சன்செட் யெல்லோ எல்லாமே ரசாயனமாப் பாத்தா ஆசிட் டைதான், கேக்குக்குப் போடுற செவப்பு கார்மோசின், நீலம் பிரில்லியண்ட் ப்ளூ இதுகளும் அப்புடியே. நைலானும் வினிகரும் சூடும் இருந்தா ஜம்முன்னு ஏறிக்கும். பழகுறதுக்கு இதவிட மலிவான சரக்கு கெடையாது.

பழகுறதுக்கு சாமானும் மலிவா இருக்கு. எலெக்ட்ரிக் கடையில வயர் கட்டுற வெள்ளக் கேபிள் டை விக்கிறாங்கல்ல, அது பெரும்பாலும் நைலான் 66. ஒன்ன எடுத்து நாலாக் கத்தரிச்சுக்குங்க, ஒரு துண்டு அப்புடியே இருக்கட்டும், மத்ததுல ஒன்ன ஒரு நிமிசம், ஒன்ன அஞ்சு, ஒன்ன இருவது நிமிசம் போட்டு எடுத்து வரிசையா வச்சுப் பாருங்க, நேரம் கூடக்கூட நெறம் எப்புடி எறங்குதுன்னு கண்ணால தெரிஞ்சுரும். கத்தியத் தொடுறதுக்கு முன்னாடி இது பண்ணாத ஆளு கேள்வி கேக்க வேணாம்னே சொல்லுவேன்.

ஆனா கேசரிப் பவுடர் நெறம் வெயில்ல நிக்காது. பைக்கு டேங்க் கவர்ல போட்டு சுத்துறவரு நல்ல சாயத்துக்குப் போயிருங்க.

கத்திய முழுசா அப்புடியே சாயத்துல முக்கலாமா?

கூடாது. கொதிக்குற தண்ணிக்கு அலகோட டெம்பர், அதாவது எஃகோட கடினம், எறங்கிரும்னு சிலர் பயப்படுவாங்க, அது இல்ல, 100 டிகிரியெல்லாம் எஃகுக்கு ஒரு சூடே இல்ல. பிரச்சன வினிகரும் தண்ணியும்தான். ஸ்பிரிங்கு அடியில, அலகு சுத்துற பிவட்டுக்குள்ள போயி உக்காந்து துரு கட்டும், எண்ணெய்ப் பசையெல்லாம் போயிரும், வாஷர்ல சாயம் அப்பிக்கிட்டு தொறக்கும்போது நறநறங்கும். பிடிய மட்டும் தனியா எடுத்துருங்க.

பிடியக் கழட்டுறது எப்புடி? ஒடஞ்சுருமோன்னு இருக்கு.

ஸ்குரூ வச்ச கத்தின்னா நட்சத்திர முனை இருக்குற டார்க்ஸ் பிட் வாங்குங்க, வேல முடிஞ்சது. ஸ்குரூ அசையலன்னா ரிப்பேர் கடையில செல்போன் பிரிக்கிற ஹீட் கன்ல லேசா சூடு காட்டச் சொல்லுங்க, உள்ள லாக்டைட் பசை போட்டிருப்பான், எளகிரும். சும்மா முறுக்குனா ஸ்குரூ தல மொழுங்கிரும்.

விக்டோரினாக்ஸ் 91 மில்லியில ஸ்குரூ கெடையாது, ரிவெட்டு தலைங்க மேல பிடிய அமுக்கி ஏத்தியிருப்பாங்க. பல்குச்சி, இடுக்கி ரெண்டையும் மொதல்ல உருவிருங்க. அப்பறம் கத்திய மூடி வச்சு பிடிய மட்டும் கை பொறுக்குற வெந்நீர்ல கொஞ்ச நேரம் வச்சு எடுத்து ஈரத்த நல்லாத் தொடச்சுட்டு, பட்டி பாக்குற மெல்லிசான தகடு ஒன்ன பிடிக்கும் உள்தகட்டுக்கும் நடுவுல ரிவெட்டு பக்கத்துல விட்டு கொஞ்சம் கொஞ்சமா நெம்பணும், ஒரே எடத்துல நெம்பாம ஒரு ரிவெட்டு, அடுத்த ரிவெட்டுன்னு மாறி மாறி. டிக்குன்னு ஒரு சத்தம் வரும், பிடி ஒடஞ்ச சத்தம் இல்ல, ரிவெட்டு தலையில இருந்து விடுபடுற சத்தம். நெம்புற கைக்கு நேரா இன்னொரு கைய வைக்காதீங்க. திரும்பப் போடும்போது குழியும் ரிவெட்டும் நேராப் பாத்து வச்சு துணி சுத்துன வைஸ்ல அமுக்குனா ஏறிக்கும், லூசா இருந்தா ரிவெட்டு மேல ஒரு சொட்டுப் பசை போதும்.

மாத்து வேல பண்ண கத்திக்கு அப்பறம் கம்பெனி வாரண்டிய எதிர்பாக்காதீங்க.

நைலான் பிடிக்கு சாயம் ஏத்துற மொறையச் சொல்லுங்க.

மொதல்ல பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு பழைய டூத்பிரஷால பிடிய நல்லாத் தேய்ங்க. கை எண்ணெய்ப் பசை இருந்த எடத்துல சாயம் ஏறாது, வெரல் ரேகை வெரல் ரேகையாவே வந்து நிக்கும். கழுவுனதுக்கப்பறம் வெறுங்கையால தொடாதீங்க, கிளவுஸ் போட்டுக்குங்க.

ஒரு லிட்டர் தண்ணி. போர் தண்ணி உப்பா இருந்தா கேன் தண்ணி ஊத்துங்க, கடினத் தண்ணியில சில சாயம் திரிஞ்சு திட்டா வரும். அதுல திரவச் சாயம்னா ஒரு மேசக்கரண்டி, பொடின்னா ஒரு டீஸ்பூன் தனியா வெந்நீர்ல கரச்சு வடிகட்டி ஊத்துங்க, கரையாத ஒரு துளி பிடியில ஒட்டுனா புள்ளி விழுந்தது விழுந்ததுதான். கடையில விக்கிற வெள்ள வினிகர் ஒன்னர மேசக்கரண்டி, பாத்திர சோப்பு ஒரு சொட்டு.

சூடு 80லேர்ந்து 90 டிகிரிக்குள்ள இருக்கணும். தெர்மாமீட்டர் இல்லையா, அடியில பொடிப்பொடியா குமிழி கெளம்பி மேல வந்துக்கிட்டே இருக்கணும், ஆனா தளதளன்னு கொதிக்கக் கூடாது, அந்தப் பக்குவம். நைலான் சூடானாத்தான் உள்ள எடம் விட்டு சாயத்த ஏத்துக்கும், வெதுவெதுன்னு இருக்குற தண்ணியில மணிக்கணக்காப் போட்டாலும் வெளிறுனாப்புலதான் வரும்.

பிடிய நேரா சட்டிக்குள்ள போடாதீங்க. அடித்தகடு தண்ணியவிட சூடா இருக்கும், அதுல உக்காந்தா ஒரு பக்கம் வளையும், தொட்ட எடம் வேற நெறமா நிக்கும். எவர்சில்வர் கம்பியில கோத்து தொங்க விடுங்க, இல்ல பழைய டீ வடிகட்டிக்குள்ள போட்டு முக்குங்க. செம்புக் கம்பி வேணாம், சில சாயத்தோட நெறத்தையே அது மாத்தி விட்டுரும். அப்பப்ப ஆட்டிக்கிட்டே இருங்க, விட்டுட்டு டிவி பாக்கப் போயிட்டா திட்டு.

வெளிர் நெறம்னா அஞ்சு நிமிசத்துலயே வந்துரும், அடர்த்தியா வேணும்னா இருவது முப்பது நிமிசம். நடுவுல எடுத்து தண்ணியில அலசி வெள்ளப் பேப்பர் மேல வச்சுப் பாருங்க. ஈரத்துல எப்பவும் கொஞ்சம் அடர்த்தியாத் தெரியும், காஞ்சா ஒரு படி எறங்கும், அத மனசுல வச்சுக்கிட்டு நிறுத்துங்க. அதுக்கப்பறம் அலசுற தண்ணி தெளியிற வரைக்கும் அலசணும், சோப்பு போட்டு ஒரு தடவ.

கண்ணாடி இழை கலந்த நைலான்ல ஒரு விசயம், இழை சாயத்த வாங்காது. மேல இழை தெரியிற மாதிரி தேஞ்ச பிடின்னா வெள்ள வெள்ளயா பொடி நரை தெரியும். எனக்கு அது புடிக்கும், சிலருக்குப் புடிக்காது.

செல்லிடாருக்கும் இதே மொறதானா?

சாயம் வேற, சூடும் வேற. வினிகர் தேவையில்ல. 60, 70 டிகிரியத் தாண்ட விடாதீங்க, கொதிக்குற தண்ணியில போட்டா வளஞ்சுரும், வளஞ்ச பிடி ரிவெட்டுல திரும்ப உக்காராது, பளபளப்பும் போயிரும். சூடு கம்மியா இருக்கதால நேரம் கூடக் குடுக்கணும், அவசரப்பட்டு அடுப்பத் தூண்டாதீங்க. எடுக்கும்போதும் பச்சத்தண்ணியில டப்புன்னு போடாம, அடுப்ப அணைச்சுட்டு அதே தண்ணியில ஆற விட்டு எடுத்து சமமான எடத்துல படுக்கப் போடுங்க.

வெளிநாட்டு வீடியோவுல சிலர் சாயத் தண்ணியில அசிட்டோன் ஊத்துவாங்க, சாயம் சீக்கிரம் உள்ள போகும்னு. அது வேற பிளாஸ்டிக்குக்கு. செல்லிடார் அசிட்டோன்ல கரையிற சாமான். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் எதையும் துணியில தொட்டுக்கூடத் தொடைக்காதீங்க. எரியுற கேஸ் அடுப்புப் பக்கத்துல அசிட்டோன் ஊத்துறது எந்த பிளாஸ்டிக்குக்குமே சரியில்ல.

பிடியில பதிச்சிருக்க சிலுவைச் சின்னம் என்னாகும்னு கேப்பீங்க, 91 மில்லியில அது உலோகம், சாயம் ஒட்டாது, தொடச்சா பளிச்சுன்னு நிக்கும். சின்னக் கத்தியில அச்சடிச்ச சின்னம்னா கொஞ்சம் மங்கலாம்.

செவப்புப் பிடிய மஞ்சளாக்க முடியுமா?

முடியாது. சாயம் ஏற்கெனவே இருக்க நெறத்து மேல ஏறும், அத அழிக்காது, பால்காபியில டிகாஷன் ஊத்துனா கறுக்குமே தவிர வெளுக்காது, அதே கதைதான். செவப்புல இருந்து அரக்கு, நாவப்பழ நெறம், கருப்புக்குப் போகலாம். நீலத்துல மஞ்ச போட்டா பச்ச. கருப்புப் பிடிக்கு வழியே இல்ல. நெனச்ச நெறம் வேணும்னா வெள்ள இல்லன்னா எந்தச் சாயமும் போடாத பால் நெறப் பிடி வாங்கி அதுல ஆரம்பிங்க.

கருப்பு ஏத்துறவுங்க கவனிங்க, பல கருப்புச் சாயம் ரெண்டு மூணு சாயத்தோட கலவ, ஒவ்வொன்னும் ஒவ்வொரு வேகத்துல ஏறும், பாதியில எடுத்தா கத்திரிக்கா நெறத்துலயோ பாசி நெறத்துலயோ நிக்கும். கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போடாம இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க.

கண்டாங்கிக் கட்டம் மாதிரி கொண்டு வரணும், ஆவுமா?

ஆவும், பொறும வேணும். கண்டாங்கியில பழைய நெறம் என்ன, கடுகு மஞ்ச, செங்கல் செவப்பு, கருப்பு. சாயம் ஒன்னு மேல ஒன்னு கூடிக்கிட்டே போகும்னு மேல சொன்னேன்ல, அதுதான் இங்க நமக்கு ஒத்தாச. வெளிர்ல ஆரம்பிச்சு அடர்த்திக்குப் போகணும். பால் நெற நைலான் பிடிய முழுசா மஞ்சள்ல போட்டு எடுத்துருங்க, மஞ்சளோட கடைசியில ஒரு பொட்டு பழுப்பு சேத்தா பளீர் மஞ்ச போயி கடுகு வந்துரும். அலசி முழுசாக் காய வச்சு, மஞ்சளா நிக்க வேண்டிய கோட்டு மேல மட்டும் மெல்லிசான வினைல் டேப்ப ஒட்டுங்க, காருக்குக் கோடு போடுறாங்கல்ல அந்த டேப்பு. நகத்தால ஓரத்த நல்லா அமுக்கித் தேய்க்கணும். அப்பறம் செவப்புல முக்குங்க, மஞ்ச மேல செவப்பு ஏறுறப்ப தானாவே செங்கல் நெறம் வரும், தனியா செங்கல் சாயம் தேட வேணாம். ஓரத்துல கரை மாதிரி கருப்பு வேணும்னா கடைசியா அந்த முனைய மட்டும் கருப்புல நிறுத்துங்க.

சூட்டுல டேப்போட பசை எளகும், அதனால இந்த வேலைக்கு சூட்டக் கொஞ்சம் கொறச்சு, சாயத்தக் கொஞ்சம் கூட்டி, சீக்கிரம் எடுக்கணும். அப்புடியும் கோடு ஓரத்துல லேசாக் கசியும். ரம்பம் வச்ச மாதிரி நேர்க்கோடு எதிர்பாத்தீங்கன்னா ஏமாத்தம்தான், ஆனா கைத்தறியில அடிச்ச கட்டத்துலயும் அந்த லேசான நெளிவு இருக்கும், கத்தியிலயும் அது நல்லாத்தான் இருக்கு. வழவழன்னு இருக்க பிடியில டேப்பு நிக்கும், சொரசொரப்பா கோடு கோடா செதுக்குன பிடியில அடியில தண்ணி போயிரும், அங்க இந்த வேல எடுபடாது.

சொரசொரப்புப் பிடிக்கு எளிதா ஒன்னு சொல்றேன். ஒரு முனையக் கையில புடிச்சு மறுமுனைய மட்டும் முக்கி, மேலயும் கீழயும் விடாம மெதுவா ஆட்டிக்கிட்டே இருங்க, கோடே இல்லாம ஒரு நெறம் இன்னொன்னுல கரஞ்சு போகும். ஆட்டாம நிறுத்துனா தண்ணி மட்டத்துல வெட்டுன மாதிரி கோடு விழும்.

புடிக்கலைன்னா சாயத்த எடுக்க முடியுமா?

நைலான்ல ஓரளவு முடியும். சாயப்பட்டறையில ஹைட்ரோஸ்னு சொல்ற பொடி, சோடியம் ஹைட்ரோசல்பைட், அத வெந்நீர்ல போட்டு முக்குனா பல ஆசிட் டை வெளுத்துரும். கந்தக வாட மூக்க அறுக்கும், வீட்டுக்குள்ள பண்ணாதீங்க, பொடிய ஈரம் படாம வைக்கணும், லேசா ஈரம் பட்டா தானாவே சூடாகித் தீப்புடிக்கிற சாமான் அது. துணிக்குப் போடுற குளோரின் பிளீச்சு வேணாம், சாயத்தோட சேத்து நைலானையும் அரிச்சுரும். செல்லிடார்ல எடுக்குறத நம்பாதீங்க, இன்னும் அடர்த்தியான நெறத்துக்குப் போயிருங்க.

வெள்ள வேட்டி மடியில வச்சா சாயம் ஒட்டுமா?

நல்லா அலசியிருந்தா ஒட்டாது. ஈரப் பஞ்சால அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க, பஞ்சு வெள்ளயா இருந்தா மடியில வைக்கலாம். செவப்பும் நீலமும்தான் கடைசி வரைக்கும் கசியும். நம்ம ஊரு சித்திர வெயில்ல வேர்வையோட உரசுற சாமான்ங்கிறதால இந்தச் சோதனைய விட்டுறாதீங்க.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய பேனாக்கத்தி ஒன்னு வாங்குனேன், பிடி மங்கிப் போயி கெடக்கு, அதுக்கு சாயம் ஏத்தலாமா?

அங்க இருக்க பழைய சாமான் கடையில, பர்மாவுலயும் மலாயாவுலயும் தொழில் பண்ண நகரத்தார் வீட்டுப் பொருளுக நெறய வந்து சேருது, ஷெஃபீல்ட், சோலிங்கன்னு முத்திர குத்துன கத்தி கூட ஆப்புடலாம். ஆப்புட்டா பிடிய வெரலால சூடு வர்ற அளவுக்குத் தேய்ச்சு மோந்து பாருங்க. சூடம் வாட வந்துச்சுன்னா அது செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸும் சூடமும் சேத்து செஞ்சது, தீக்குச்சி மாதிரி பத்திக்கும். இதுக்குத்தான் சுட்ட ஊசி வேணாம்னு மேல சொன்னேன். வெந்நீரு, சாயம், ஹீட் கன் எதுவும் வேணாம், அப்புடியே விடுங்க. பழைய செல்லுலாய்டு தானாவே மக்கி ஆசிட் ஆவியையும் விடும், பக்கத்துல இருக்க அலகுல துரு ஏறும், அதனால மத்த கத்திகளோட ஒரே டப்பாவுல பூட்டி வைக்காதீங்க.

பேக்லைட் பிடின்னா சாயம் ஏறாது. எலும்புன்னா ஏறும், ஆனா அது தனிக் கத. தந்தம், மான் கொம்புன்னு சொல்லி வித்தா வாங்கவே வாங்காதீங்க, வன உயிரினச் சட்டத்துல மாட்டிக்கிட்டு அலைய வேண்டி வரும்.

அலாக்ஸ் பிடிக்கு?

விக்டோரினாக்ஸ்ல வர்ற அது பிளாஸ்டிக்கே இல்ல, அலுமினியத்த அனடைஸ் பண்ணது, அதாவது ஆசிட்ல கரண்டு விட்டு மேல ஒரு ஆக்சைடு படலம் கட்ட வச்சது. அந்தப் படலத்துல இருந்த துளைய கம்பெனியிலயே அடச்சு முடிச்சிருப்பாங்க, சாயம் போக வழி இல்ல. பழைய படலத்த உரிச்சு மறுபடி ஆசிட்ல கரண்டு விட்டு அனடைஸ் பண்ணாத்தான் நெறம் ஏறும். 1953லேர்ந்து மின்வேதியியலுக்குன்னே சிக்ரிங்குற மத்திய ஆராய்ச்சி நிலையத்த வச்சிருக்க ஊரு நம்மளோடது, வெவரம் தெரிஞ்சவுங்க பக்கத்துலயே இருப்பாங்க, கேட்டுக்குங்க, வீட்டு மாடியில சல்பியூரிக் ஆசிட்ட வச்சுக்கிட்டு ஆரம்பிக்காதீங்க.

ஆச்சி அடுப்படிக்குள்ளயே விட மாட்டேங்குறாக, என்ன பண்றது?

ஆச்சி சொல்றதுதான் சரி. சாயம் வச்ச சட்டி, கரண்டி, வடிகட்டி எதையும் சமையலுக்குத் திருப்பி எடுக்கக் கூடாது, கேசரிப் பவுடர் தவிர மத்த எதுவும் வயித்துக்குள்ள போற சரக்கு இல்ல. பெட்டகத்துல அடுக்கி வச்சிருக்க சீர்ப் பாத்திரத்துல கைய வச்சீங்கன்னா நான் சப்போர்ட்டுக்கு வர மாட்டேன். பழைய எவர்சில்வர் சட்டி ஒன்னு தனியா வாங்கிக்குங்க, இன்டக்ஷன் அடுப்பு இருந்தா இன்னும் நல்லது, சூடு ஒரே அளவா நிக்கும். ரெண்டாங்கட்டு வளவுல வச்சுக்குங்க, மேல தொறந்து கெடக்கு, ஆவி போயிரும். ஆனா ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரைன்னா அடியில பழைய சாக்கு ரெண்டு விரிங்க, சிந்துன சாயத்த அந்தக் கல்லு குடிச்சுக்கிட்டா உங்க கத்தி மட்டும் இல்ல, வீடும் கஸ்டமைஸ் ஆகிரும்.

இந்தக் கத்தி வச்சிருந்தா போலீஸ் தொல்லை வருமா?

நெறத்துக்கு ஒரு சட்டமும் இல்ல. ஆயுதச் சட்டம் 1959, அதோட 2016 விதிப்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமாவோ 2 அங்குலத்துக்கு மேல அகலமாவோ இருந்தா, அறிவிக்கப்பட்ட எடங்கள்ல லைசென்ஸ் கேப்பாங்க, வீட்டு வேல, விவசாய வேல கத்திக்கு அதுல விலக்கு உண்டு. பைக்குள்ள வைக்கிற மடக்குக் கத்தி அந்த அளவப் பக்கத்துலகூட எட்டாது. அதுக்காக பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டத்துக்குள்ள இடுப்புல சொருகிக்கிட்டுப் போகாதீங்க, கேக்குற போலீஸ்காரருக்கு விதி படிச்சுக் காட்டிக்கிட்டு நிக்க முடியாது. விமானத்துல கைப்பையில வச்சா எடுத்துருவாங்க, செக்-இன் பெட்டியில போடுங்க.

மிச்சச் சாயத் தண்ணிய வச்சுக்கலாமா, ஊத்திரணுமா?

நைலான் சாயம்னா ஆற வச்சு கண்ணாடி பாட்டில்ல ஊத்தி, விஷம்னு எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாம வச்சா இன்னும் ரெண்டு மூணு பிடிக்கு வரும். ஒவ்வொரு தடவையும் சாயம் கொறஞ்சுக்கிட்டே வர்றதால நேரத்தக் கூட்டிக்கணும், வினிகர் கொஞ்சம் புதுசா சேத்துக்கணும். டிஸ்பெர்ஸ் சாயம் அடியில படிஞ்சுரும், சூடு பண்ணி நல்லாக் கலக்கி வடிகட்டிட்டுப் போடுங்க. ஊத்துறதா இருந்தா நெறயத் தண்ணி கலந்து பாதாளச் சாக்கடையில ஊத்துங்க. கெணத்தடியிலயும் ஊருணிக் கரையிலயும் ஊத்தாதீங்க, ஒரு லிட்டர்தானேன்னு தோணும், நொய்யல் கரையிலயும் ஒவ்வொரு பட்டறையும் அப்புடித்தான் நெனச்சிருக்கும், கடைசியில 2011ல உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகள இழுத்து மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. ஹைட்ரோஸ் போட்ட தண்ணியா இருந்தா ஒரு ராத்திரி தொறந்த எடத்துல வச்சுட்டு காலையில ஊத்துங்க, சாயத் தண்ணி பாட்டிலோட கலந்துறாதீங்க, மிச்சமிருக்க சாயமும் வெளுத்துப் போயிரும்.